வெளியாளுக்குத்தான் வாடகை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் என் மருமகளும் சுகம்தானே? கடை போனில் பேசினால் பின்னால் நிற்கிறவர்களும் சேர்ந்து பேசுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. பந்தல் துணி, குழல் விளக்கு, அண்டா, கரண்டி எல்லாம் வந்தாயிற்று. ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் நானே உட்கார்ந்து சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம் போட்டேன். விரல் நகத்தில் இன்னும் சிவப்பு போகவில்லை. விடுதியில் விரிப்புத் துவைத்துத் தேய்த்து இத்தனை வருடமாக நீ சேர்த்தது முழுவதும் இப்போது என் கொட்டகையில் ஆளுயரத்துக்கு அடுக்கி நிற்கிறது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

திறந்த அன்றைக்கு ஊரே வந்தது. பெரியப்பா முதல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, "நம்ம வீட்டு நாற்காலி, என்னமா இருக்கு!" என்றார். பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்கு அவரே முதலில் எடுத்துப் போனார். எனக்குக் கவலையே இல்லை அக்கா. ஊர் முழுக்க நமக்குச் சொந்தம். வருடத்துக்கு எத்தனை கல்யாணம், எத்தனை விசேஷம். அத்தனையும் நம்மிடம் வராமல் எங்கே போகும்?

தெருப் பக்கத்து அறையை உனக்கென்று ஒழித்து வைத்துவிட்டேன். தொழில் காலூன்றியதும் நீ வந்து கணக்கைப் பார். தூக்குவது இறக்குவது என் பாடு.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மகளும் நலம். அவளுக்கு ஒரு இடம் பேசி வருகிறோம், படிந்தால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெயின்ட் இருக்கிறது, பெருமை இருக்கிறது, பெரியப்பா இருக்கிறார். வாடகை என்ற சொல் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. அவர் கொடுத்தாரா? ஊரில் உனக்குச் "சரிங்க" என்று பட்டப்பெயர் வைத்தவன் உன்னை நன்றாகத்தான் கவனித்திருக்கிறான்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இங்கே சலவைப் பிரிவை இந்த ஆண்டு முடிந்ததும் மூடுகிறார்கள். துணியெல்லாம் இனி வெளியே ஒரு கம்பெனிக்குப் போகுமாம். வேலையோடு அறையும் போய்விடும். எனக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை, அதற்குள் உன் தொழில் காலூன்றிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் நான் ஒருத்திதானே. பகல் முழுக்க நீராவியில் நின்று, நின்றபடியே தூங்கிவிடலாம் போல் இருக்கிறது.

பதில் போடு. வாடகையைப் பற்றிப் போடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாயோ என்ற நினைப்புதான். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாற்காலிக்கு ஓய்வே இல்லை, அதனால் எனக்கும் இல்லை.

பெரியப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. அப்பா போன பிறகு நம்மைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? அவரிடம் வாங்காததால் அவர் மகனிடம் வாங்க முடியவில்லை. அவனிடம் வாங்காததால் அவன் மச்சானிடம் வாங்க முடியவில்லை. இப்படியே போய் ஊர்க் கடைசி வீடு வரை வந்துவிட்டது.

போன மாதம் தையல்காரச் சித்தப்பா தவறிவிட்டார். விடிகிற நேரத்தில் ஆள் வந்து நின்றது. சாவு வீட்டில் போய் என்ன பேசுவது? நானே அழுதுகொண்டு நாற்காலி போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் ஒருவர், "அந்தப் பக்கம் வெயில் வருது பாரு, துணிய இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டேன்" என்றார். அன்றைக்கு மழையும் பெய்தது. நனைந்த துணியைக் காயப் போடாமல் சுருட்டி வைத்துவிட்டார்கள், கறுப்புக் கறுப்பாகப் பூசணம்.

அந்த மச்சான் வீட்டுப் பிள்ளைகள் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். எடுத்து வரலாம் என்று போனேன். "பரீட்சை முடியட்டுமே, அதுக்குள்ள என்ன அவசரம், நாங்க தின்னுடவா போறோம்?" என்றார். சரிங்க என்று திரும்பி வந்தேன். உனக்குச் சிரிப்பு வரும்.

வண்டிக்காரருக்கும் சுமை தூக்குகிறவருக்கும் மட்டும் என் கையிலிருந்து கொடுத்துவிடுகிறேன். அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லையே. உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசி நாலு நாளாகிறது.

உன் தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

நான் நலம். சிரிப்பு வரவில்லை.

ஒரு பலகை எழுதி வை. நாற்காலிக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, உடைந்தால் இவ்வளவு. நீ வாயைத் திறக்க வேண்டாம், பலகை பேசட்டும். பக்கத்து ஊர்களுக்கும் ஆளனுப்பிச் சொல். உன்னை மடியில் போட்டு வளர்க்காத ஊர் ஏதாவது இருக்கும்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு அடிக்கடி கால் வீங்கும் என்று மருமகள் முன்பு ஒருமுறை சொன்னாள், இப்போது எப்படி?

பலகை எழுதினேன். நல்ல எழுத்துக்காரரைக் கூப்பிட்டு, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. பெரியப்பா வந்து அதன் கீழேயே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான். வெளியாளுக்கு இப்படி ஒண்ணு வேணும்தான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். "ஆமாமா, வெளியாளுக்குக் கறாராத்தான் இருக்கணும்" என்று மச்சான் எனக்குப் புத்தி சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே அவர் இரண்டு அண்டா எடுத்துப் போனார்.

பக்கத்து ஊருக்கும் போனேன். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்கள். அங்கே ஒருவன் இதே தொழில் செய்கிறான். அவனை விட்டுவிட்டு என்னிடம் எடுத்தால் அவன் வருத்தப்படுவானாம், அவன் அவர்களுக்குச் சொந்தமாம். அவனையும் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "உங்க ஊர்லயும் சும்மாதானா?" என்றான். அவன் கொட்டகை வாசலில் அவனோடு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று பார்க்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். களைத்துப் போய்விட்டேன் அக்கா.

உன் தம்பி


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

நான் நலம்.

ஒரு நாற்காலியைக்கூட விற்காதே. மகளுக்கு இடம் படிந்துவிட்டது. பையன் மின்சார வேலை பார்க்கிறவன், குடும்பம் பெரிது, வீடு சின்னது, மனிதர்கள் தங்கமானவர்கள். கல்யாணத்தை நம் ஊரில், நம் வீட்டு வாசலில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில்.

உன்னிடம் இருக்கிற எல்லாம் வேண்டும். பூசணம் பிடித்த துணியைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்துத் தேய், போய்விடும், இது என் தொழில். மொத்த வாடகை எவ்வளவு ஆகும் என்று எழுது.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகளுக்குக் கல்யாணம் என்றதும் வீட்டில் ஒரே கும்மாளம். உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசவே ஆரம்பித்துவிட்டாள்.

வாடகை என்று எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். என்ன பேச்சு இது? கடையே உன்னுடையது. தாய்மாமன் செய்ய வேண்டியதை நான் செய்வேன். நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்.

உன் தம்பி


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக மருமகள் எழுதித்தான் தெரிந்தது.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆறவில்லை. நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? மூன்று நாள் தூங்காமல் பந்தல் போட்டேன். பிரிக்கிற நேரத்தில் பெரியப்பா, மச்சான், சித்திமார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அத்தனை பேர் முன்னால் மேஜை மேல் பணத்தை வைத்தாய். "நாற்காலி, பந்தல், பாத்திரம், எல்லாத்துக்கும் இருக்கு. பலகையில போட்டிருக்கற கணக்குதான். எண்ணிப் பாத்து எடுத்துக்கோ" என்றாய். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "என்ன சிரிப்பு? ஒரு கரண்டி குறையுது. அதுக்கும் சேத்துதான் வச்சிருக்கேன்" என்றாய்.

அதுகூடப் போகட்டும். பெரியப்பா பதறிப்போய், "என்னம்மா இது, கூடப் பிறந்தவன் கிட்டயா?" என்று கேட்டார். நீ அவரைப் பார்த்து, "அவன் கேட்டான், நான் குடுக்கறேன். தொழில்னா தொழில்தானே பெரியப்பா" என்றாய்.

நான் எப்போது அக்கா கேட்டேன்?

பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேருந்துக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து நான் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கிறது. "அப்பன் இல்லாத பொண்ணு கல்யாணம், அக்கா கிட்ட நாக்கு மேல பல்லப் போட்டு வாடகை கேட்டிருக்கான்" என்று சித்தி என் காதுபடவே சொன்னாள். நீ வைத்த பணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

தம்பி


செப்டம்பர் 26

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். திட்டு. நன்றாகத் திட்டு.

நீ கேட்கவில்லை. கேட்டதாக நான்தான் சொன்னேன். நானாகக் கொடுத்தேன் என்றால், அக்கா நல்லவள், அவளுக்குக் கைதாராளம் என்று பேசிவிட்டு மறுநாளே வழக்கம்போல் எடுத்துப் போயிருப்பார்கள். நீ கேட்டு வாங்கினாய் என்றால்தான் பயம் வரும். கூடப் பிறந்தவளையே விடாதவன் நம்மையா விடப்போகிறான் என்று தோன்ற வேண்டும். உனக்குக் கேட்க வாய் வராது. அதனால் உனக்காக நான் கேட்டுவிட்டேன்.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்பாய். சொல்லியிருந்தால் சரிங்க என்றிருப்பாய், மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் அழுதிருப்பாய். உன் முகத்தில் எதுவும் நிற்காது. பேருந்து வளைவு தாண்டும்வரை நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். பிறகு தொண்டை வலிக்கிற வரைக்கும் அழுதேன், பக்கத்து இருக்கைக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது சொல். அதற்குப் பிறகு யாராவது சும்மா கேட்டார்களா?

அந்தப் பணத்தை எடுத்துப் புதுத் துணி வாங்கு.

அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு நூறு ஆயுசு. உன்னைத் திட்டி எழுதியதற்கு என் கையை ஒடித்துப் போடலாம்.

ஒருவரும் சும்மா கேட்கவில்லை அக்கா! முதலில் மச்சான் வந்தார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "எவ்வளவுன்னு சொல்லு, எனக்கு யார் தயவும் வேணாம்" என்றார். நான் பலகையைக் காட்டினேன். பணத்தை மேஜை மேல் வீசிவிட்டுப் போனார். அவர் கொடுத்ததால் அவர் தங்கை கொடுத்தாள். இப்படியே திரும்பி வந்து பெரியப்பா மகனும் கொடுத்துவிட்டான். பரீட்சை நாற்காலிகள்கூட ஒரு நாள் காலையில் வாசலில் அடுக்கி இருந்தன. வண்டிக்காரர் இப்போது என் கடைக்கென்றே நிற்கிறார். புதிதாக இரண்டு பந்தல் வாங்கிவிட்டேன்.

"சரிங்க" என்ற பெயர் போய், இப்போது எனக்கு "வாடகை" என்று பெயர். "வாடகை வர்றான்" என்பார்கள். விசேஷ வீட்டில் நாற்காலியைப் போட்டுவிட்டு நிற்கிறேன், ஒருவரும் உட்காரச் சொல்வதில்லை. என் நாற்காலிதான் எல்லாம். அது கொஞ்சம் உறுத்துகிறது, மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது.

ஒரு வேடிக்கை கேள். பெரியப்பா பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, "எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். உங்க அக்கா ஊரோட வந்துட்டா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க. அப்புறம் நமக்குள்ள என்ன வாடகை, எல்லாம் பழையபடிதான்" என்றார். மச்சானும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எப்போது வருகிறாய் என்று. ஊரே உன் வரவுக்குக் காத்திருக்கிறது போ!

அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கட்டில் போட்டிருக்கிறேன். வேலை முடிந்த மறுநாளே கிளம்பி வந்துவிடு.

உன் தம்பி


டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மகளும் மாப்பிள்ளையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு இரண்டு அறை, அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

பெரியப்பா சொன்னதை நீ வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை நாலு முறை படித்தேன்.

இப்போதைக்கு நான் வரவில்லை. விடுதியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். என்னைப்போல் விரிப்புத் தேய்க்க ஆள் கிடைக்காதாம். வேலையும் இப்போது லேசுதான். முகவரி மட்டும் மாறுகிறது, கீழே எழுதியிருக்கிறேன்: மாவு மில்லுக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை.

என்னைப் பற்றி யாராவது கேட்டால், எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல். கொஞ்சம் கோபமாகச் சொல். உனக்குக் கோபப்படத் தெரியாது, பழகிக்கொள். கடிதம் எழுதினால் நம் ஊர் அஞ்சலகத்தில் போடாதே, டவுனுக்குப் போகும்போது போடு. தபால்காரரும் நமக்குச் சொந்தம்தான், மறந்துவிடாதே.

மழைக்காலத்தில் பந்தல் துணியைக் காயாமல் மடிக்காதே.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். வேலை அதிகம்தான், ஆனால் காரணம் அது இல்லை.

நீ வரவில்லை என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை அக்கா. அப்பாடா என்றிருந்தது. ஒரு நிமிடம்தான், ஆனாலும் இருந்தது. மூடப் போகிற பிரிவில் உன்னை எப்படி இருக்கச் சொன்னார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். விடுதிக்காரர்கள் இருக்கச் சொன்னால் மாவு மில்லுக்குப் பின்னால் நீ ஏன் குடிபோக வேண்டும் என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ பதில் எழுதிவிடுவாய் என்றுதான் கேட்கவில்லை.

போன வாரம் பெரியப்பா பேத்தி கல்யாணம். ஐந்நூறு நாற்காலி. பக்கத்து ஊர்க்காரனும் நானும் சேர்ந்துதான் போட்டோம். இரண்டு கொட்டகையும் ஒரே நாளில் காலியானது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். பெரியப்பா பணத்தை முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருந்தார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "உங்க அக்கா எப்படிப்பா இருக்கா?" என்று கேட்டார். அந்த முறை அவர் வாடகையை மனதில் வைத்துக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கண் கலங்கியிருந்தது. வயதாகிவிட்டது அவருக்கு.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நீ சொன்னபடிதான் சொன்னேன். முன்பெல்லாம் இதைச் சொல்லப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அன்றைக்கு அப்படியெல்லாம் இல்லை, சாதாரணமாக வந்தது. அவரும் நம்பிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். பூசணம் போக வழி இருக்கிறது, பலகைக்கு யோசனை இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பது ஒன்றிலும் இல்லை. நான் பெரியப்பாவிடம் சொன்னது பொய் இல்லை அக்கா.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினாலும் நீ வர மாட்டாய், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் அதை விட்டுவிட்டு வேறு ஒன்று கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? காலையில் எழுந்து எங்கே வேலைக்குப் போகிறாய்? அந்தப் படிக்கட்டு அறையில் நிமிர்ந்து நிற்க முடிகிறதா?

நலம் என்று மட்டும் எழுதாதே.

உன் தம்பி